கிழிந்தால் தைக்கலாம்: வாசகர் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். குறைந்த பொருளோடு, குப்பை சேர்க்காமல் குடும்பம் நடத்துவதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, இனிமேல் பிளாஸ்டிக் இல்லாமல் வாழ வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் டப்பா, கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ், துணிப்பை எல்லாம் வாங்கலாம் என்று பட்டியல் போட்டேன். ஏழாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. எதை முதலில் வாங்கலாம்?
— வாசகி, நெல்லிக்குப்பம்

எதையும் வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்தப் பட்டியலை மடித்து ஓரமாக வையுங்கள்.

உங்கள் டப்பாக்கள் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டன. அவற்றுக்கான எண்ணெயைப் பூமியிலிருந்து எடுத்தாகிவிட்டது, மின்சாரமும் செலவாகிவிட்டது. இப்போது தூக்கிப் போட்டால் உங்கள் அலமாரியில் இருந்தது குப்பைக் கிடங்குக்குப் போகும், அவ்வளவுதான். துவரம்பருப்பு, உளுந்து, ரவை மாதிரி உலர்ந்த சாமான் போட்டு வைக்க அவை உடையும் வரை உதவும். சூடான குழம்பு, எண்ணெய், ஊறுகாய் இவற்றை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ரசாயனம் உணவில் இறங்கும். அதற்கு வேண்டிய எவர்சில்வர் உங்கள் வீட்டுப் பரணிலேயே சீர் வரிசையோடு வந்தது இருக்கும். அதை இறக்கிக் கழுவுங்கள்.

துணிப்பையும் அப்படித்தான். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பருத்திப் பையை 131 தடவை எடுத்துப் போனால்தான், ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பாலிதீன் பையைவிடப் பூமியைச் சூடாக்குவதில் அதன் பங்கு குறையும் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம், நூற்க, நெய்ய, சாயம் போட எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால் இது புரியும். போகிற கடையிலெல்லாம் ஒரு புதுத் துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்கினால் பூமிக்குச் சுமை கூடும். வீட்டில் கிடக்கும் பழைய வேட்டியில் தைத்தால் அந்தப் பருத்தி ஏற்கெனவே உழைத்து முடித்தது; கிடைப்பதெல்லாம் லாபம்.

நாலு முழ வேட்டி ஒன்றில் மூன்று பை தாராளமாக வரும். நடுவில் நைந்துபோன பாகத்தை விட்டுவிடுங்கள். 18 அங்குல அகலம், 42 அங்குல நீளத்தில் துண்டு வெட்டி இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தையுங்கள். மூன்றரை அங்குல அகலத்தில், 24 அங்குல நீளத்தில் பட்டை வெட்டி, மடித்துத் தைத்தால் கைப்பிடி. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு தையல் ஓட்ட வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு என்று வாரச் சந்தைச் சாமான் முழுவதையும் தாங்கும்.

கடைகளில் துணி மாதிரியே தொட்டால் மெத்தென்று இருக்கும் பை தருகிறார்களே, அதைத் துணி என்று நம்பிவிடாதீர்கள். நெய்யாத பை என்பது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று.

வாங்குவதற்குப் பதில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டுக் குப்பையில் மட்கும் குப்பையைத் தவிர மற்றதைக் கழுவி ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். வாரக் கடைசியில் கொட்டிப் பாருங்கள். சில வீடுகளில் பால் பாக்கெட் மேலே நிற்கும், சில வீடுகளில் பிஸ்கட் உறை, சில வீடுகளில் ஷாம்பு சாஷே. எது அதிகமோ அதில் மட்டும் கை வையுங்கள். பால் பாக்கெட் என்றால் பால்காரரிடம் சொம்பில் வாங்க முடியுமா என்று விசாரிக்கலாம். மளிகை உறை என்றால் டப்பாவோடு கடைக்குப் போய், வெறும் டப்பாவை முதலில் எடை போட்டுக் கழித்துத் தரச் சொல்லலாம்.

என் மாமியார் இதையெல்லாம் கஞ்சத்தனம் என்கிறார். கணவர் கையில் பை கொடுத்தால் எடுத்துப் போவதே இல்லை. தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள். மற்றவர்களை எப்படி மாற்றுவது?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

வீட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் மாமியார் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு ஏனம் தேய்த்தவராக இருப்பார். சீயக்காய் அரைத்தவர், பழைய புடவையில் பிள்ளைக்குத் தூளி கட்டியவர். அவருக்கு நீங்கள் கற்றுத் தர இதில் எதுவும் இல்லை. அவரிடம் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, கூடு எடுத்துத் தேய்ப்பானாக்குவது எப்படி என்று ஒரு நாள் கேளுங்கள். பஞ்சம் பார்த்த தலைமுறைக்குச் சிக்கனம் என்றால் இல்லாமை ஞாபகம் வரும். பிள்ளைகளாவது அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கோபம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

கணவர் மறுக்கவில்லை, மறந்துவிடுகிறார். பைக் சீட்டுக்கு அடியில் மடித்த பை ஒன்று எப்போதும் கிடக்கட்டும். சாமான் இறக்கியதும் அதை அங்கேயே திருப்பி வைப்பதை மட்டும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெரு விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணி என் கடையில் மலையாகச் சேரும். அதில் பை தைத்து, பக்கத்து மளிகைக் கடையில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன். பை மறந்தவர்கள் எடுத்துப் போகலாம், அடுத்த தடவை வரும்போது திருப்பி மாட்டலாம். சும்மா கொடுத்தபோது ஆர்வம் காட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடம், "வீட்டில் பழைய வேட்டி, பெட்ஷீட், பள்ளிக்கூட யூனிஃபார்ம் இருந்தால் கொண்டு வாங்க, பை தைக்கணும்" என்று கேட்க ஆரம்பித்தேன். அதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. "இது எங்க அப்பா வேட்டி" என்று ஆணியில் தொங்கும் பையைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். தன் துணி அதில் இருந்தால் அந்த ஆணி அவர்களுடையது ஆகிவிடுகிறது. சொல்லித் திருத்துவதைவிட உதவி கேட்பது வேகமாக வேலை செய்கிறது. இதை நான் முழுதாக நம்புகிறேன்.

எல்லாப் பையும் திரும்பி வராது. வராத பை யாரோ வீட்டுச் சமையலறையில் தொங்கிக்கொண்டிருக்கும், அது நஷ்டமில்லை.

மளிகைக் கடைக்காரர் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. கவர் அவருக்கு இனாமாக வரவில்லை, கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார். கவர் செலவு குறைகிறதென்று அவரே கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பூமிக்காகச் செய்யுங்கள் என்று அவரிடம் நான் பேசவே இல்லை. ஆளுக்கு ஆள் காரணம் வேறாக இருந்தால் என்ன, பை ஒன்றுதானே.

மஞ்சப்பை கொண்டு வருகிறவரைப் பட்டிக்காடு என்று கேலி செய்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே இயக்கம் தொடங்கிய பிறகு அந்தக் கூச்சம் பாதி போய்விட்டது. மீதியும் போகும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அடுத்தவர் கையில் இருக்கும் கவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவர் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தவராக இருக்கலாம்.

எத்தனை புடவை வைத்துக்கொண்டால் எளிமையான வாழ்க்கை?
— வாசகி, குறிஞ்சிப்பாடி

எண்ணிக்கை கிடையாது. கட்டுகிற புடவை எல்லாம் இருக்கட்டும். வருஷக்கணக்கில் மடித்தே கிடக்கும் பட்டு, மடிப்பிலேயே விட்டுப்போகும். அதற்கு முன் கட்டுகிற யாருக்காவது கொடுங்கள். ஒரு பருத்திச் சட்டைக்கு, பருத்திச் செடியில் தொடங்கி, ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்குப் பாவாடை, யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது கீழே நாலு விரல், பக்கத்தில் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். எந்தத் தையல்காரரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

நாங்கள் வாரத்தில் பாதி நாள் மீன் சாப்பிடுகிற குடும்பம். கறுப்புக் கவர் இல்லாமல் மீன் வாங்குவது எப்படி? மீன் கழிவு நாற்றத்தால் வீட்டில் குப்பையைப் பிரித்து வைக்கவும் முடியவில்லை.
— வாசகர், கடலூர் புதுநகர்

நம்ம ஊரில் கட்டாயம் வர வேண்டிய கேள்வி. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோ, பழைய பெயின்ட் வாளி அல்லாத ஏதாவது ஒரு வாளியோ வண்டியில் கொண்டு போங்கள். ஓ.டி. (பழைய நகர்) துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் மீன் விற்கும் அம்மாக்கள் ஏனத்தில் போட்டுத் தர முகம் கோண மாட்டார்கள். கவர் எடுத்துப் பிரித்து வாய் கட்டும் வேலை அவர்களுக்கு மிச்சம். தூக்கில் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் வெயிலில் வீடு வந்து சேரும் வரை மீன் கெடாது.

அந்தக் கறுப்புக் கவர் எங்கே போகிறது என்று கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் நம்ம மணலில் முட்டையிட வருகின்றன. ஆமைக்குச் சொறிமீன் பிரியமான உணவு. தண்ணீரில் மிதக்கும் கவரையும் சொறிமீனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் வருகின்றன. மறுநாள் அந்தக் கடற்கரையைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அன்னதானம் கொடுக்கிறவர்கள் தொன்னையிலோ மந்தாரை இலையிலோ கொடுத்தால் எவ்வளவு புண்ணியம்.

கழிவுக்கு வருகிறேன். செதிலையும் குடலையும் தலையையும் குப்பையாக நினைக்காதீர்கள். சின்னதாக நறுக்கி, அதே எடைக்கு நாட்டு வெல்லம் பொடித்துக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். கறுத்த பழைய வெல்லம் மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தேன் பதத்தில் திரவம் நிற்கும், கவிச்சி நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். அதுதான் மீன் அமிலம். நாற்றம் இன்னும் இருந்தால் வெல்லம் போதவில்லை. கொஞ்சம் சேர்த்து மேலும் சில நாள் விடுங்கள். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். அதற்கு மேல் அளவு கூட்டினால் இலை கருகும். மாடியில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறவர்கள் உங்களிடம் கேட்டு வாங்கிப் போவார்கள்.

காய்கறித் தோலுக்குத் துளை போட்ட மண்பானை. ஒரு பிடி தோல் போட்டால் இரண்டு பிடி காய்ந்த சருகு. பூவரசு, வேம்பு எதுவானாலும் சரி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். சருகு போட்டுக் கிளறுங்கள். தொடக்கத்தில் புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மட்கும். எண்ணெய்ப் பண்டமும் கறி மீனும் அதில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானையைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

துணி நாப்கினுக்கு மாற ஆசை. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சுகாதாரமானதா?
— கல்லூரி மாணவி, புதுச்சேரி

குளிர்ந்த தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நேர் வெயிலில் முழுதாகக் காய வைத்தால் சுகாதாரமானதுதான். வெந்நீரில் முதலில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். உங்கள் பக்கத்திலேயே ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற அமைப்பு 2010 முதல் துணி நாப்கின் தைத்துத் தருகிறது. அதன் வெட்டையும் தையலையும் ஒரு தையல்காரியாகப் பார்த்துச் சொல்கிறேன், நல்ல வேலை. பழக்கமான பெண்களுக்குச் சிலிகான் மாதவிடாய்க் கப்பும் உண்டு. ஒழுங்காகக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினால் ஒன்றே பல வருஷம் வரும்.

ஆனால் உங்கள் விடுதியில் வெயில் படக் காய வைக்க இடம் இல்லையென்றால், ஈரத் துணியை அலமாரிக்குள் ஒளித்துக் காய வைக்காதீர்கள், அம்மா. தொற்று வரும். இடம் கிடைக்கும் வரை இப்போது பயன்படுத்துவதையே பயன்படுத்துங்கள், காகிதத்தில் சுற்றித் தனியாகப் போடுங்கள், கழிப்பறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு பூமியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. மாடியில் பெண்களுக்கென்று ஒரு கொடி கட்டித் தரும்படி வார்டனிடம் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியன். ஆலைகள் ஆற்றையும் காற்றையும் கெடுக்கும்போது நீங்களும் நானும் துணிப்பை தூக்கி என்ன ஆகப் போகிறது?
— வாசகர், வடலூர்

ஐயா, இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய கேடு பெரிய இடத்தில்தான் நடக்கிறது. வீட்டில் துணிப்பை வைத்திருப்பவர் அதோடு கடமை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டால் உங்கள் சந்தேகம் சரியாகிவிடும்.

நம்ம மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக் கிராம மக்கள், தாங்கள் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 2004-ல் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் மக்களே தங்கள் காற்றை அளக்கக் கிளம்பிய முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. மீன் பிடிப்பவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், குடும்பப் பெண்கள். படித்தவர்கள் சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு வாளி போதுமாக இருந்தது.

சின்ன வேலை செய்கிறவர்கள்தான் பிறகு பெரிய கேள்வி கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். எங்கள் கடை ஆணியில் பை மாட்டிய பெண்கள், அடுத்து வாய்க்கால் தூர்வாருவதற்கு மாநகராட்சியில் மனு கொடுக்கப் போனார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் அங்கே ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. பின்னாலேயே தென்பெண்ணை பெருகிக் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வேலி முழுக்க, மதகு முழுக்கப் பிளாஸ்டிக் உறை. மழையை நாம் தடுக்க முடியாது. வாய்க்காலை அடைத்ததில் நம் வீட்டுக் கவருக்கும் பங்கு உண்டு. 2016-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், உறையைத் தயாரித்து விற்கும் கம்பெனியே அதைத் திரும்பச் சேகரிக்கவும் பொறுப்பு என்கின்றன. அதைக் கேட்க ஆள் வேண்டும். அரசு அலுவலக நடைமுறை தெரிந்த உங்களைப் போன்றவர்கள் மனு எழுதித் தந்தால் எங்களுக்குப் பெரிய பலம்.

உங்கள் ஊரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தர்மசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. வெள்ளைத் துணி போர்த்தி, தனக்கென்று எதையும் சேர்க்காமல் வாழ்ந்தவர் அவர். இத்தனை பேர் பசியை ஒரு அடுப்பு என்ன செய்யும் என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

தை மாதம் மகளுக்குத் திருமணம். குப்பையில்லாமல் நடத்த ஆசை. சொந்தக்காரர்கள் குறை சொல்லாதபடி செய்ய முடியுமா?
— வாசகி, பண்ருட்டி

முடியும். சாப்பாட்டில் குறை வைக்காதீர்கள், மற்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் தண்ணீர். இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைப்பதுதான் கல்யாணத்தில் பெரிய குப்பை. பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் எடுத்து, தண்ணீர் பரிமாற ஆள் கூடுதலாகப் போடுங்கள். பாட்டில் விலையோடு ஒப்பிட்டால் கையைக் கடிக்காது. காபிக்குப் பேப்பர் கப் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அப்படியே.

சமையல்காரரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் கப்பும் ஸ்பூனும் இலையோடு சேரக் கூடாது. வெளியே தனி மேஜையில் வைத்துக் கொடுத்து, அங்கேயே கூடை வைத்துவிடுங்கள். அப்போதுதான் எச்சில் இலையை மாட்டுக்குப் போட முடியும். இல்லையென்றால் மாட்டு வயிற்றில் பிளாஸ்டிக் போகும்.

மேடைக்குத் தெர்மாகோல் வேண்டாம். வாழை மரம், தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை போதும். தோரணம் முடையத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். விருந்தாளிக்குச் செடி கொடுப்பது இப்போது பழக்கமாகி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கறுப்புப் பாலிதீன் பையில் வரும் கன்று, காருக்குள் வாடி, இடமில்லாத வீட்டு வாசலில் காய்ந்துபோகிறது. பண்ருட்டிக்காரர்கள் நீங்கள்; காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் முந்திரி வைத்துக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்குவார்கள்.

தாம்பூலப் பையை மகளிர் குழுவிடம் தைக்கக் கொடுங்கள். காய்கறி வாங்கும் அளவுக்குப் பெரிதாக, கெட்டித் துணியில் இருக்கட்டும். தேங்காய் மட்டும் நுழையும் குட்டிப் பையை யாரும் இரண்டாம் தடவை எடுப்பதில்லை. மணமக்கள் பெயரை ஓரத்தில் சின்னதாக அச்சிட்டால் போதும். தை முகூர்த்தம் என்றால் ஐப்பசிக்குள் துணி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை மழையில் அச்சு காய நாளாகும், கரண்டும் போகும், கடைசி வாரத்தில் நெருக்கினால் அந்தப் பெண்களுக்கு ராத்திரித் தூக்கம் இருக்காது.